மாதிரிக் கை

இயற்கை நல்வாழ்வு இயக்குநரகத்தில் இயற்கையாக இருந்தவை இரண்டுதான். ஒன்று, மூன்றாம் மாடிக் கழிப்பறையில் படர்ந்திருந்த பாசி. மற்றது, தபால் பிரிவில் உட்கார்ந்திருந்த சுருட்டையின் கை. பாசியை யாரும் கண்டுகொள்ளவில்லை. கைக்குத்தான் கெட்ட நேரம் பிறந்தது.

மற்றதெல்லாம் துறை வாங்கிப் போட்டது. வரவேற்பறையில் பிளாஸ்டிக் கொடிகள். இயக்குநரின் அறைச்சுவர் முழுக்க மூங்கில் காடு அச்சிட்ட காகிதம். மூலையில் ஒரு ஒலிபெருக்கி பகலெல்லாம் பறவைகளாகக் கூவும். கரண்ட் போனால் காடு மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்தால் வெளியே உண்மையாகவே ஒரு மரம் இருந்தது. ஏசி போடுவதால் ஜன்னலைத் திறக்க அனுமதியில்லை.

சுருட்டை என்பது தலைமுடியைப் பார்த்து அலுவலகம் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றே வைத்துவிட்டார்கள். வேலையை நிரந்தரமாக்குவதற்கு மட்டும் அந்தச் சுறுசுறுப்பு வரவில்லை. வருடக்கணக்காக அவள் தற்காலிகம். நிரந்தர ஆணை அடித்துத் தயாராகி, இயக்குநரின் மேசைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இந்த நிலைமையில் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் வாயைத் திறந்தாள்.

அன்று கணக்குப் பிரிவு அக்கா தன் கையை மேசைமேல் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். முடி நீக்கும் களிம்பு பூசியிருக்கிறார். கை தக்காளிப்பழம்.

"டப்பாவுல இலை படம் போட்டிருந்துச்சுடி. நம்ம ஆபீஸ் முத்திரை வேற இருந்துச்சு."

"நம்ம முத்திரை இருந்துமா பூசுனீங்க?" என்றாள் சுருட்டை. "கண்டதையும் பூசாதீங்கக்கா. என் தங்கச்சி வீட்டு முன்ரூம்ல சர்க்கரையில பண்றா. சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு, தண்ணி. அவ்வளவுதான். பாகு காய்ச்சி ஆறவச்சு, கையில உருட்டிப் பிசைஞ்சு, தடவி, சுண்டி இழுப்பா. ஒட்டிக்கிட்டு நின்னா வெதுவெதுன்னு தண்ணி விட்டாப் போயிடும்."

"வலிக்காதா?"

"வலிக்கும். இப்படி வெந்து போகாது."

"நீ பண்ணிக்கிறியா?"

"எனக்கு எதுக்குக்கா? என் கை எனக்கு இப்படியே புடிச்சிருக்கு."

கடைசி வாக்கியம் யார் காதிலும் விழவில்லை. அதற்கு முந்தையதெல்லாம், சோற்றுப் பாத்திரத்தைச் சூடுபண்ண வந்து பின்னால் நின்றிருந்த இயக்குநரின் காதில் விழுந்துவிட்டது. அந்த ஆண்டுக்குத் திட்டம் எதுவும் கிடைக்காமல் மனிதர் அல்லாடிக்கொண்டிருந்தார். பாத்திரத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு மேலே ஓடினார். சாயங்காலத்துக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

முதல் சிக்கல் திட்டத்தின் பெயரில் வந்தது. 'முடி' என்று எழுதினால் தலையையும் குறிக்கும் என்று துணை இயக்குநர் ஆட்சேபித்தார். அவருடைய தலையில் இழப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. 'ஆமாம் சார்' என்று ஊழியர்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஆட்சேபித்தது அதுதான் முதல்முறை. தமிழில் இன்னொரு சொல் இருக்கிறதே என்று ஒருவர் மெல்ல நினைவுபடுத்தினார். அது பெயர் வைக்கக் கூடிய குழுவில் இருந்த எல்லோரும் கோபம் வந்தால் சரளமாகச் சொல்கிற சொல்தான். கோப்பில் எழுத மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு 'உடற்பரப்பு இழை' என்ற சொல்லை உருவாக்கி, ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். இவ்வாறாக, சர்க்கரைவழி உடற்பரப்பு இழை அகற்றல் திட்டம் பிறந்தது.

அடுத்து பாகு. தங்கை சொன்ன பக்குவம் அறை அறையாகச் சுற்றுக்குப் போனது. சர்க்கரைக் குறைப்புப் பிரிவு அதே மாடியில்தான் இருந்தது. சர்க்கரையைக் குறையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நம் வீட்டிலேயே பாகு காய்ச்சலாமா என்று கேட்டு, சர்க்கரையைப் பாதியாக வெட்டினார்கள். யாரும் அதைச் சாப்பிடப் போவதில்லையே என்றாள் சுருட்டை. கொள்கை என்பது சாப்பிடுகிறவர்களுக்கு மட்டுமல்ல என்று பதில் வந்தது. எலுமிச்சம்பழம் வேறு துறையின் எல்லைக்குள் இருந்தது. அவர்களிடம் இசைவு கேட்டால் திட்டத்தில் பங்கு கேட்பார்கள். எனவே, முதல் கட்டத்தில் சர்க்கரையும் தண்ணீரும், இரண்டாம் கட்டத்தில் எலுமிச்சை என்று முடிவானது. சர்க்கரை பாதி என்பதால் பாகு தண்ணீராக ஓடியது. 'கெட்டியாகும்வரை காய்ச்சுக, ஐயமிருப்பின் மேலும் காய்ச்சுக' என்று ஒரு திருத்த ஆணை போட்டார்கள்.

இதுவரை சுருட்டைக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அவளை மூங்கில் காட்டுக்குள் கூப்பிட்டார்கள்.

"உக்காரும்மா," என்றார் இயக்குநர். "இந்தத் திட்டத்துக்கு விதை போட்டவ நீ. அதனால தொடக்க விழாவுல செயலர் அம்மா முன்னாடி உன் கையில்தான் பண்ணிக் காட்டப் போறோம். மாதிரிக் கை."

"சார், என் தங்கச்சிதான் இதெல்லாம் பண்ணுவா. நான் பண்ணிக்கிறதில்ல."

"அதான் வேணும். பண்ணிக்கிட்ட கையில பண்ண என்ன இருக்கு?"

"ஆமாம் சார்," என்றார் துணை இயக்குநர்.

"எனக்கு விருப்பமில்ல சார்."

இயக்குநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பறவைகள் கூவின. "இங்க பாரும்மா. பொம்பளைங்க உடம்பு பொம்பளைங்களோட உரிமை. அதுல இந்த இயக்குநரகம் ரொம்ப உறுதியா இருக்கு. அந்த உரிமைய யாரோட கையில காட்டணும்ங்கிறத மட்டும்தான் நாங்க முடிவு பண்ணியிருக்கோம். விருப்பம், விருப்பமில்லங்கிறதெல்லாம் உன்னோட சொந்த விஷயம். அதுல நாங்க தலையிடவே மாட்டோம். கை மட்டும் வந்தாப் போதும்."

பேசிக்கொண்டே மேசைமேல் கிடந்த நிரந்தர ஆணையைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு விரற்கடை இருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்," என்றாள்.

"ஒத்துக்கிட்டா," என்று துணை இயக்குநர் குறித்துக்கொண்டார்.

மறுநாள் ஓர் அளவையாளர் பூதக்கண்ணாடியோடு தபால் பிரிவுக்கு வந்தார். அவளுடைய வலக்கையை மேசைமேல் வைத்துச் சதுரம் சதுரமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு சதுரத்திலும் இழைகளை எண்ணினார். நடுவில் யாரோ தேநீர் வேண்டுமா என்று கேட்க, எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"விழா முடியுற வரைக்கும் இந்தக் கை இயக்குநரகத்தோட பொறுப்பு. வெயில் படக் கூடாது. சொறியக் கூடாது."

"கொசு கடிச்சா?"

"கொசுவுக்குத் தனித்துறை இருக்கும்மா."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன்ரூமில் தங்கை கடைசி வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, கட்டிலில் விரித்த துணியை உதறினாள்.

"கை ஆபீஸ் பொறுப்புன்னா பாத்திரம் யார் தேய்க்கிறது? ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவாங்களா?" என்றார் அம்மா.

"சிரிக்காதம்மா."

"நான் எங்க சிரிச்சேன். நிஜமாத்தான் கேக்கிறேன். இந்தா பாரு, பல்லக் கடிச்சிக்கிட்டு நீட்டிட்டு வந்துரு. முடிதான, மறுபடி மொளைக்கும். கைக்கு வந்த வேலைய விட்டா எங்க போயித் தேடுவ?"

தங்கை துணியை மடித்து வைத்தாள். "அக்கா, போன மாசம் ஒரு அம்மா அவங்க பொண்ண இழுத்துக்கிட்டு வந்தாங்க. மாப்பிள்ளை வீட்டுல பாக்க வர்றாங்களாம். அந்தப் பொண்ணு கையக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னுச்சு. போயிட்டு, உனக்குத் தோணுறப்ப வாம்மான்னு அனுப்பிட்டேன். தானா நீட்டாத கையில நான் தொட மாட்டேன். உன் டைரக்டர் வந்து சொன்னாலும் தொட மாட்டேன்."

"உன்னத் தொடச் சொல்லலையேடி. அவங்களே எலுமிச்சம்பழம் இல்லாம பாகு காய்ச்சுறாங்க."

"எலுமிச்சம்பழம் போடாமலா? அது பாகு இல்லக்கா, செங்கல்லு."

அம்மா வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார். "மொளைச்சிரும்னுதான் சொல்றேன்."

"மொளைக்கும்மா. இதுக்குத் தலையாட்டினா அடுத்த திட்டத்துக்கு என்ன கேப்பாங்க?" என்றாள் சுருட்டை. அம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தானே தேய்த்தார். அது கோபமா, ஆதரவா என்று அந்த வீட்டில் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

விழா நாளன்று மேடை முழுக்க ஒரு ராட்சதக் கையின் படம். வழவழவென்று, ஓர் இழைகூட இல்லாமல், பொம்மைக் கடையிலிருந்து கழற்றி வந்ததுபோல் இருந்தது. அதன் கீழே செயலர் அம்மா உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டையை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, வலக்கையை மட்டும் பட்டுத்துணி விரித்த முக்காலியின்மேல் வைக்கச் சொல்லியிருந்தார்கள். கைக்கு மாலை போட்டிருந்தார்கள். அவளுக்குப் போடவில்லை.

இயக்குநர் பேசினார்.

"அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டு நாம் 'இயற்கையாக மூச்சு விடுவோம்' வாரத்தை நடத்தினோம். அதில் கலந்துகொண்ட அனைவரும் இன்றுவரை தொடர்ந்து மூச்சு விட்டு வருகிறார்கள். இது நமது மகத்தான வெற்றி. இயற்கை என்றால் என்ன? தானாக நடப்பது. தானாக நடக்கட்டும் என்று விட்டுவிட்டால் நமக்கு என்ன வேலை என்று மக்கள் கேட்பார்கள். அதனால்தான் இயற்கையை நாம் நடத்த வேண்டியிருக்கிறது. இந்தச் சகோதரியைப் பாருங்கள். எவ்வளவு மகிழ்ச்சியாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். இவரை யாரும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால்கூட இவ்வளவு மகிழ்ச்சியாக நீட்டியிருப்பார். தலைமை என்பது எப்போதும் முன்னால் நின்று வழிகாட்டுவது..."

துணை இயக்குநர் பாகுச் சட்டியோடு வந்தார். உள்ளே இருந்தது மரச்சாமான் நிறத்தில் கனன்றுகொண்டிருந்தது. கரண்டியை எடுத்தார்.

சுருட்டை கையை எடுத்துக்கொண்டாள். மாலையைக் கழற்றி முக்காலியின்மேல் வைத்தாள்.

"வேண்டாம் சார்."

மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"என்னம்மா?" என்றார் இயக்குநர், மைக்கைக் கையால் பொத்தி. பொத்தியது வேறு பக்கத்தை.

"எனக்கு வேண்டாம். அன்னிக்கே நேரா சொல்லியிருக்கணும். ஆர்டர் வராம போயிடுமோன்னு பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் வேண்டாம்."

"இப்ப சொல்லக் கூடாதும்மா. இது கைதட்டுற நேரம்."

கூட்டத்தில் கணக்குப் பிரிவு அக்கா தட்டினார். எதற்குத் தட்டினார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் தக்காளிக் கை இன்னும் ஆறாத நிலையில், வலியோடு தட்டினார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

செயலர் அம்மா கடிகாரத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "அப்ப யார் கையில காட்டப் போறீங்க? எனக்கு அடுத்த நிகழ்ச்சி இருக்கு."

துணை இயக்குநர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தலைமை முன்னால் நிற்கும் என்ற வாக்கியத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. இயக்குநர் வேறு வழியில்லாமல் சட்டைக் கையைச் சுருட்டினார். உள்ளே இருந்தது சுவரில் ஒட்டியிருந்த காட்டைவிட அடர்த்தியான காடு.

பாகைச் சூடு ஆறவைத்துப் பூசினார்கள். அதை மட்டும் சரியாகச் செய்தார்கள். பூசி முடித்து, துணை இயக்குநர் செயல்முறைக் குறிப்பை இரண்டு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் பாகு இறுகிவிட்டது. தட்டிப் பார்த்தால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது.

"இழுக்கட்டுமா சார்?"

"மெதுவா."

"மெதுவான்னு குறிப்புல இல்ல சார். 'உறுதியுடன்'னுதான் இருக்கு." உறுதியுடன் இழுத்தார். நாற்காலியோடு இயக்குநரும் சேர்ந்து வந்தார். ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பெயர்ந்தது. அங்கிருந்த காடும் போனது.

"ஐயோ, நிறுத்துய்யா. என் கைய்யா இது. என்னக் கேக்காம நீ பாட்டுக்கு இழுக்கிற."

அந்த இயக்குநரகம் தொடங்கிய நாளிலிருந்து அதன் மேடையில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான் என்பதால், என்ன செய்வதென்று யாருக்கும் பழக்கமில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்வரிசைவரை வந்து சேர்ந்தது.

சுருட்டைதான் இறங்கிப் போய் உணவகத்திலிருந்து ஒரு குவளை வெந்நீர் வாங்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவிக்கொண்டு வந்தாள். தண்ணீருக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று துணை இயக்குநர் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், "ஊத்தலாமா சார்?" என்று இயக்குநரிடம் கேட்டாள். அவர் தலையசைத்த பிறகே ஊற்றினாள். செங்கல் கரைந்து பட்டுத்துணியில் ஒழுகியது.

"இது எந்தக் கட்டம்?" என்று கேட்டார் செயலர் அம்மா.

"முதல் கட்டம் மேடம்."

"ரெண்டாவது வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்பினார்.

வேறு அலுவலகமாக இருந்தால் அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இது இயற்கை நல்வாழ்வு இயக்குநரகம். எதையும் வீணாக்காது. வார இறுதியில் மறுபடி மூங்கில் காட்டுக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநரின் கையில் வெளுத்த திட்டு ஒன்று, மேய்ச்சல் முடிந்த இடம்போல் தெரிந்தது. முகத்தில் அப்படியொரு கனிவு.

"உன் துணிச்சல இயக்குநரகம் மனசாரப் பாராட்டுதும்மா. அத நாங்க எடுத்துக்கிட்டோம்."

"எத சார்?"

"துணிச்சலத்தான். புதுத் திட்டம். உடற்பரப்பு இழை இயற்கைப் பாதுகாப்புத் திட்டம். யாரும் எதையும் எடுக்கக் கூடாது. இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும். ஊரெல்லாம் உன் கையப் போடப் போறோம். 'வேண்டாம் என்று சொன்ன கை'ன்னு தலைப்பு. எப்படி?"

"அருமை சார்," என்றார் துணை இயக்குநர். ஆமாம் போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

"எடுக்கணும்னு நினைக்கிறவங்க சார்? என் தங்கச்சிகிட்ட நெறைய பேர் ஆசையா வர்றாங்க."

"அவங்களுக்கு விழிப்புணர்வு குடுப்போம். உன் தங்கச்சிக்கு ஒரு எச்சரிக்கை அனுப்புவோம். திங்கட்கிழமை காலையில போட்டோக்காரர் வர்றார். போட்டோ முடிஞ்சதும் கையெழுத்து." பேனாவின் மூடியைக் கழற்றி ஆணையின்மேல் வைத்தார். எழுதத்தான் இல்லை.

படியிறங்கும்போது அவளுக்கு விஷயம் சுத்தமாகப் புரிந்துவிட்டது. இவர்களுக்கு முடி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவளுடைய கை அவளிடம் இருப்பதுதான் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு விடுமுறை. சுருட்டை முன்ரூம் கட்டிலில் போய் உட்கார்ந்து இடக்கையை நீட்டினாள்.

"எடுத்து விடுடி."

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எடுக்கக் கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க."

"அதுக்காக எடுக்கிறதுன்னா அதுவும் அவங்க சொல்லி எடுக்கிற மாதிரிதான்."

சுருட்டை இரண்டு கைகளையும் மடிமேல் அருகருகே வைத்துப் பார்த்தாள். "ஒரு நாளாவது எப்படியிருக்கும்னு பாக்கணும்னு எனக்கு ஆசை இருந்துச்சுடி. நீ ஓசியில பண்ணுவேன்னு சொல்லிச் சொல்லியே அந்த ஆசையக் கெடுத்துட்ட. வலக்கை இப்படியே இருக்கட்டும், அது எனக்குப் புடிச்சிருக்கு. இடக்கை எப்படின்னு பாப்போம்."

"இது சரி," என்றாள் தங்கை.

தேன் நிறப் பாகை டப்பாவிலிருந்து கிள்ளி எடுத்து, வெளுத்து மினுங்கும்வரை விரல்களால் இழுத்து மடித்துப் பிசைந்தாள். கையில் மாவுப் பொடியைத் தூவி, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கித் தேய்த்து ஒட்டி, வளர்ந்த போக்கிலேயே சுண்டினாள். சுருட்டை பல்லைக் கடித்தாள்.

"நிறுத்தவா?"

"வலிக்குது. நிறுத்தாத."

கதவருகே வந்து நின்ற அம்மா இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒத்தக் கை இப்படி, ஒத்தக் கை அப்படியா? ஆபீஸே கூடிச் சிரிக்குமேடி."

"சிரிக்கட்டும்மா. சிரிப்புக்கு இன்னும் துறை வரல."

திங்கட்கிழமை மூங்கில் காட்டில் விளக்குகளைக் கட்டி வைத்துக்கொண்டு போட்டோக்காரர் காத்திருந்தார். சுருட்டை கையில்லாத சட்டையில் வந்து, இரண்டு கைகளையும் மேசைமேல் அருகருகே வைத்தாள். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தார். இயக்குநர் இடக்கையைப் பார்த்தார், வலக்கையைப் பார்த்தார், மறுபடி இடக்கைக்கு வந்தார்.

"இது எந்தத் திட்டம்?"

"திட்டம் இல்ல சார். கை."

"வலக்கைய மட்டும் எடுத்துக்கலாம் சார்," என்றார் துணை இயக்குநர்.

"எடுக்கலாம் சார். நான் இடக்கையோட ஊரெல்லாம் நடந்து போவேன். பஸ்ஸுல கம்பியப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். உங்க போஸ்டருக்குக் கீழேயே நிப்பேன்."

இயக்குநரின் விரல் ஆணையின்மேல் போய் உட்கார்ந்தது. "வேலை வேணுமா வேண்டாமா உனக்கு?"

"வேணும் சார். தபால் பிரிவுல நல்லாத்தான வேலை பாக்கிறேன். அதுக்காக ஆர்டர் குடுக்கிறதா இருந்தா குடுங்க. இந்த ரெண்டும் தபால் பிரிக்க வரும், முத்திரை குத்த வரும். மேடைக்கும் சுவருக்கும் வராது." பேனாவை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "கையெழுத்துப் போட வேண்டியது உங்க கை. அத என்ன பண்றதுன்னு நான் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே போகிற வழியில், எந்த அனுமதியும் கேட்காமல், ஜன்னலை நன்றாகத் திறந்து விட்டுப் போனாள். தபால் பிரிவில் காலைக் கட்டு வந்து கிடந்தது. கணக்குப் பிரிவு அக்கா அவள் மேசையருகே நின்று, "ரெண்டையும் காட்டுடி பாப்போம்," என்றார். நீட்டிக் காட்டினாள்.